கம்பளிச் சத்தியம்

"அது என் புருஷன்தான். எழுதுங்க ஐயா!"

"அது என் மகன் இல்லை. எழுதித்தான் பாருங்களேன்!"

ஒருத்தி முடிப்பதற்குள் மற்றவள் ஆரம்பித்துவிட்டாள். மேஜைமேல் விரித்து வைத்திருந்த அடக்கப் பதிவேட்டுக்கு வாய் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து கத்தியிருக்கும்.

பிரான்மவுத் தேவாலயத்தின் பக்க அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். போன புயலில் அதன் கண்ணாடி போய்விட்டதால் மீன் சாக்கு ஒன்றைத் திணித்து வைத்திருந்தார்கள். சாக்குக்குக் காற்றைத் தடுக்கத் தெரியும், பேச்சைத் தடுக்கத் தெரியாது. எழுத்தர் விட்ஜரின் மனைவிக்கு, பிப்ரவரி மாதத்து உறைபனியில் தேவாலயப் படிகளைக் கழுவியே தீரவேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த மகராசி புண்ணியத்தில் எங்கள் வலைக்காரத் தெருவுக்கு ஒரு வார்த்தை விடாமல் வந்து சேர்ந்தது.

உள்ளே கத்திக்கொண்டிருந்தவர்கள் மாமியாரும் மருமகளும். மருமகள் கெசையா லஸ்கம், வலை பின்னுகிறவள், வயது இருபத்தாறு. மாமியார் பிரூடன்ஸ் லஸ்கம், ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டி உடுத்திப் பெட்டியில் வைக்கிறவள். யார் பிறந்தாலும் அவள்தான் முதலில் கையில் ஏந்துவாள் என்பது வேறு விஷயம்.

"நாலு பேர் பார்க்கத்தான் கடற்கரையில நின்னேன்," என்றாள் கெசையா. "செம்பட்டை முடி. அவரோட உயரம். வேற யாரா இருக்கும்?"

விட்ஜர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். "செம்பட்டை முடின்னா நம்ம ஊர்ல பாதிப் பேரை இன்னிக்கே புதைச்சிடலாம்மா. என்னையும் சேர்த்துதான்."

"குளிப்பாட்டினது யாரு? நான்," என்றாள் பிரூடன்ஸ். "தலையிலிருந்து கால் வரைக்கும் துடைச்சது யாரு? நான். பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதது, ரெண்டு வருஷம் கூடப் படுத்தவளுக்குத் தெரிஞ்சிடுமா?"

"அத்தை!"

"அத்தையாம், அத்தை. அடுத்த மாசம் யாரு உனக்கு அத்தைன்னு ஊருக்கே தெரியும்டி."

நாற்காலியில் இருந்த பாதிரியார் டோசன் கண்ணை மூடிக்கொண்டார். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்ன வயசுக்காரர். பெரிய பாதிரியார் கால்வீக்கம் என்று சொல்லி வெந்நீர் ஊற்று இருக்கிற ஊரில் போய் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகிறது. சம்பளம் அவருக்கும் சண்டை இவருக்கும் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஜனவரிக் கடைசியில், துறைமுக வாயில் பாறைத்திட்டில் ஒரு சரக்குக் கப்பல் மோதி உடைந்தது. பெயர்ப் பலகைகூட முழுசாகக் கரை சேரவில்லை. உப்பிட்ட காட் மீன் மட்டும் ஒரு வாரம் ஒதுங்கிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து கப்பல் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் இருந்து வந்தது என்று தெரிந்தது. சுங்கக்காரர் வருவதற்குள் அந்த மீனில் பாதி எங்கே போனது என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. ஆட்களில் ஒரே ஒருவன்தான் கரை சேர்ந்தான், அதுவும் பிணமாக. முகம் என்று சொல்ல பாறை எதையும் மிச்சம் வைக்கவில்லை.

பிரூடன்ஸைக் கூப்பிட்டார்கள். பாடை வைக்கிற கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வழக்கத்தைவிட நேரம் அதிகம் ஆயிற்று. வெளியே வந்து, "யாரோ. நம்ம ஊரு இல்லை," என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்தாள். அனாதைப் பிணத்துக்குத் தன் சொந்தக் கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டிருக்கிறாளே என்று குழி வெட்டுகிறவன் சிரித்தான். "வயசானா மனசு இளகுது," என்று ஊர் சொல்லிக்கொண்டது. புதைத்தார்கள். விட்ஜர் பதிவேட்டில் தேதியைப் போட்டு, பெயருக்குச் சின்னதாக ஓர் இடம் விட்டு, பிறகு 'கடலில் மூழ்கியவர்' என்று எழுதினார். கெசையா வந்து உட்கார்ந்தது அந்தச் சின்ன இடத்தின் மேல்தான்.

கெசையாவின் புருஷன் ஜேபஸ் லஸ்கம் காட் மீன் பிடிக்கக் கடல் தாண்டி அதே நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் போன கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அங்கே ஒரு சாயங்காலம் நாலைந்து பேரோடு கரையிறங்கியவன் திரும்ப ஏறவில்லை என்று கப்பல் தலைவர் சொன்னார். செத்தானா, ஓடினானா, யாராவது பிடித்துக்கொண்டு போனார்களா என்று ஒன்றும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவனிடமிருந்து கடிதம் எப்படி வரும்?

தாய்க்காரி, "வருவான்," என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. நல்ல லினன் துணி வாங்கி அவனுக்கு ஒரு சட்டை தைத்தாள். கழுத்துப் பட்டியில் ஓடுகிற தையல் அத்தனை பொடியாக இருக்கும். வெயில் கொஞ்சம் தலைகாட்டினால் போதும், வெளுக்கட்டும் என்று அதை வேலியில் விரித்து வைப்பாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கத்தான். அதே மாதிரி, தேவாலய மாடியில் ஆண்கள் தொப்பி மாட்டுகிற வரிசையில் ஜேபஸின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி அப்படியே தொங்கியது. சனிக்கிழமைதோறும் அதைத் துடைத்து வைப்பாள். அந்த ஆணியில் வேறு ஒருவன் மாட்டிவிட்டால் அவன் தொப்பி தரையில் கிடக்கும்.

பெண்டாட்டியோ, முதல் வருஷம் அழுதாள். இரண்டாம் வருஷம் அழுகை கோபமாக மாறியது. மூன்றாம் வருஷம் பீப்பாய் செய்கிற ஏமஸ் பார்டியூவின் பட்டறை வழியாகத் தண்ணீருக்குப் போக ஆரம்பித்தாள். கிணறு அந்தப் பக்கம் இல்லை என்பதை எங்கள் தெரு உடனே கவனித்தது.

ஏமஸ் பெண்டாட்டியை இழந்தவர். நாற்பது வயது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார் என்றால் முடிப்பதற்குள் நாம் ஒரு வலைக்கண்ணைப் பின்னிவிடலாம். பிரிஸ்டலில் அவர் அண்ணன் பெரிய பட்டறை வைத்திருந்தார். மார்ச் முடிவதற்குள் வந்து சேர், இல்லாவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கெசையாவைக் கூட்டிப் போக ஏமஸுக்கு ஆசைதான். ஆனால் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டுமே. புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவளுக்கு யார் வாசிப்பார்கள்? ஏழு வருஷம் காத்திருந்தால் சட்டம் விட்டுவிடும். இன்னும் நாலு வருஷம் பாக்கி.

நாலு வருஷம் காத்திருக்க இன்னொரு ஆள் தயாராக இல்லை. அந்த ஆள் கெசையாவின் வயிற்றில் இருந்தது. அவளுக்கும் ஏமஸுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் ஏப்ரனை இறுக்கிக் கட்ட ஆரம்பித்ததைத் தெரு பார்த்துவிட்டது. இது வெளியே தெரிந்தால் வெள்ளைத் துணியைப் போர்த்தி ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளைக்கும் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை ஏறும். அந்த வார்த்தை சாகிறவரைக்கும் கூட வரும்.

ஆகவே அவளுக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது. கடல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டது.

அது ஜேபஸ் இல்லை என்று கெசையாவுக்கு உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரியும். அவன் எங்கோ நன்றாக இருக்கிறான். கடல் தாண்டி ஒரு மரவீட்டில், இன்னொருத்தி சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டு, பிரான்மவுத் என்ற பெயரையே மறந்து உட்கார்ந்திருக்கிறான். மூன்று வருஷமாக அவள் மனத்தில் வளர்ந்த படம் அது. அந்த மரவீட்டுக்காரியின் ஜன்னல் திரை என்ன நிறம் என்றுகூட அவளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். அவனே கைவிட்டுப் போனபிறகு, எவனோ ஒருவனின் குழிக்கு அவன் பெயரைப் போடுவதில் என்ன பாவம்? பெயரில்லாமல் கிடக்கிறவனுக்கு ஒரு பெயர். தனக்கு ஒரு வழி. இப்படிக் கூட்டிக் கழித்துத்தான் அன்று காலை கறுப்புச் சால்வையைக் கடன் வாங்கிப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள்.

"அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் பாதிரியார். "கெசையா, நீ கிட்டப் போய்ப் பார்க்கலை. அப்படித்தானே?"

"பார்க்க விட்டாத்தானே? இவங்க கொட்டகைக் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

"சாத்தாம? பிணம் என்ன சந்தையில வெச்ச மீனா, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குறதுக்கு?"

"பெத்த பிள்ளை செத்துட்டான்னு ஒத்துக்க மனசு வரலை இவங்களுக்கு. அதான் ஐயா. சட்டையை விரிச்சு வெச்சு, தொப்பியைத் துடைச்சு வெச்சு... இவங்க கனவு காண்றதுக்கு நான் காய்ஞ்சு கருவாடாகணுமா?"

"காய்ஞ்ச மாதிரி தெரியலையேடி," என்றாள் பிரூடன்ஸ். அவள் பார்வை ஏப்ரன் முடிச்சில் ஒரு கணம் நின்று விலகியது. கெசையாவுக்கு முகம் சூடாயிற்று. வெளியே படிகளில் வாளிச் சத்தம் நின்றுபோனது.

பாதிரியார் மேஜையைத் தட்டினார். "போதும். குளிப்பாட்டினவங்க சொல்றதைத்தான் நான் எடுத்துக்க முடியும். பெத்த தாய் வேற. விட்ஜர், பெயர் தெரியாதவர்னு எழுதுங்க. கம்பளிச் சத்தியத்துக்கும் கெடு இன்னியோட முடியுது. அதையும் இப்பவே வாங்கிடலாம்."

கெசையா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷம். வெள்ளைத் துணி. ஏமஸ் தனியாக பிரிஸ்டல் போகிற வண்டி.

கம்பளிச் சத்தியம் எங்கள் ஊரில் சாவுக்குச் சாவு நடப்பதுதான். செத்தவர்களை ஆட்டுக் கம்பளியில்தான் புதைக்க வேண்டும், வேறு நூல் ஒரு இழைகூடக் கூடாது என்பது சட்டம். ஆட்டுக்காரர்களுக்கு நாடாளுமன்றத்தில் நல்ல ஆட்கள் இருந்த காலத்தில் போட்டது. உடுத்தியவர் வந்து, அப்படித்தான் புதைத்தோம் என்று வேதப்புத்தகத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பவுன் அபராதம். புகார் சொல்கிறவருக்கு அதில் பாதி. சத்தியம் வாங்கும்போது மட்டும் விட்ஜரின் காது கூர்மையாகிவிடுவதற்குக் காரணம் அதுதான் என்பார்கள்.

பிரூடன்ஸ் இந்தச் சத்தியத்தை இருபது வருஷமாகச் செய்கிறவள். கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர் அவள் வாக்கில்தான் படுத்திருக்கிறார்கள். புத்தகத்தை நீட்டினதும் கையில் வாங்கிக்கொண்டாள். விட்ஜர் ஏலக்காரர் மாதிரி மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: "மேற்படி இறந்தவரை, ஆட்டுக் கம்பளியில் நெய்த துணி தவிர, சணல், லினன், பட்டு, மயிர், பொன், வெள்ளி கலந்த எதிலும் உடுத்தவோ சுற்றவோ இல்லையென்றும், பெட்டிக்குள் அப்படிப்பட்ட எதையும் வைக்கவில்லையென்றும் தேவன் அறியச் சொல்கிறேன். ம், முத்தம் கொடு பிரூடன்ஸ்."

பிரூடன்ஸ் புத்தகத்தை உயர்த்தினாள். உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது.

விட்ஜர் காத்திருந்தார். பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிரூடன்ஸ்?" என்றார் விட்ஜர். "ஊர் பேர் தெரியாதவனுக்குப் பட்டாடையா உடுத்திவிட்டே?"

அவர் மட்டும் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

வாயால் பொய் சொல்வது வேறு, புத்தகத்தை முத்தமிட்டுப் பொய் சொல்வது வேறு. எங்கள் ஊர் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் பிழைக்கிறது. பிரூடன்ஸ் புத்தகத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். பதிவேட்டில் இடித்துவிடாமல் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"சட்டை," என்றாள்.

"எந்தச் சட்டைம்மா?" என்றார் பாதிரியார்.

கெசையா கேட்கவில்லை. எந்தச் சட்டை என்று அவளுக்குத் தெரியும். முந்தாநாள் வெயில் அடித்தபோது வேலி வெறுமையாக இருந்தது. போகிற போக்கில் பார்த்தாள். கிழவிக்கும் அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"லினன் சட்டை ஐயா. உள்ளுக்குள்ள உடுத்தினேன். மேலே கம்பளியைச் சுத்திட்டேன். யாரும் பார்க்கலை." அவள் குரல், குழந்தை பிறந்த வீட்டில் எடை சொல்கிற குரல் மாதிரி நிதானமாக இருந்தது. "மூணு வருஷம் பெட்டியில கிடந்த சட்டை. அவனுக்குன்னு தைச்சது. வேற யாருக்கு உடுத்துவேன்?"

விட்ஜர் காதிலிருந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இடது கால்ல ரெண்டு விரல் ஒட்டியே பிறந்தவன். பிறந்த அன்னிக்கே நான்தான் பார்த்தேன். முகம் போனா என்ன? பாதத்தைத் துடைக்கறப்போ கைக்குத் தெரிஞ்சுபோச்சு, கண்ணுக்கு அப்புறம்தான்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "வருவான் வருவான்னு சொன்னேன்ல? சிரிச்சீங்கல்ல எல்லாரும்? வந்தான்டி. பாறைத்திட்டு வரைக்கும் வந்தான். அங்கேருந்து பார்த்தா நம்ம வீட்டுப் புகைபோக்கி தெரியும்."

கெசையாவின் தலைக்குள் அந்த மரவீடு இருந்தது. அந்த ஜன்னல் திரை, அந்த ரொட்டிக்காரி. மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அதில் யாருமே இல்லை, இருந்ததே இல்லை. இருந்தவன் எங்கோ யாரோ ஒருவரின் கப்பலில் மீன் பெட்டி அடுக்கிக்கொண்டு, ஊருக்குப் போகிற கப்பல் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கிடைத்ததும் ஏறியிருக்கிறான்.

தான் வேண்டி வந்தது கிடைத்துவிட்டது. அதைக் கையில் வாங்க முடியாமல், கடன் வாங்கிய கறுப்புச் சால்வையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வந்த அழுகையை அவள் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே அழுது தீர்த்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். படிகளில் விட்ஜரின் மனைவி, வாளியைக் கட்டிக்கொண்டு தானும் அழுததாகப் பிறகு எங்களிடம் சொன்னாள். அவள் அழுவது அபூர்வம், அதனால் நம்பினோம்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாதிரியார் தொண்டையைச் செருமினார். சட்டத்தை யார் மேல் எறிவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவர் மாதிரி இருந்தார். "ரெண்டே வழிதான் இருக்கு. குழியைத் திறந்து சட்டையை எடுக்கணும். இல்லைன்னா அபராதம்."

"மண்ணு உறைஞ்சு கிடக்கு ஐயா," என்றார் விட்ஜர். "ஆனா, திறக்கணும்னா திறக்கலாம்."

"யாரும் தொடக்கூடாது!" தரையில் இருந்தே கெசையா கத்தினாள். "அவர் சட்டையை யாரும் கழட்டக்கூடாது. இத்தனை தூரம் வந்திருக்கார், போட்டுக்கிட்டே இருக்கட்டும்!"

"அதுக்குப் பணம்..." என்று இழுத்தார் விட்ஜர்.

கதவு திறந்தது. படியில் நிற்கவேண்டும், உள்ளே வரவே கூடாது என்று கெசையாவிடம் உத்தரவு வாங்கியிருந்த ஏமஸ் பார்டியூ, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். முழுவதையும் கேட்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. அவர் வாக்கியத்தை ஆரம்பிப்பதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நான்," என்றார். பிறகு, "கட்டிடறேன்," என்றார்.

பிரூடன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கென்ன வந்தது?"

"அந்த ஆளு... வர்ற வழியிலேயே போயிட்டாரு. நான் இங்கேயே இருந்தேன். எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா."

அபராதத்தில் பாதியைப் புகார் சொன்னவர் என்ற முறையில் விட்ஜர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் ஆயுளில் செய்த ஒரே நல்ல காரியம் என்று பாதிரியாரே சொன்னாராம். அதற்காக வீட்டில் மனைவியிடம் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் எங்களுக்குத் தெரியும். அழுதவள்தான் அவள், ஆனால் அழுகை வேறு, பணம் வேறு.

எழுதவேண்டியதை எழுதினார்கள். பெயருக்கு விட்டிருந்த இடம் சின்னது, ஊர் பேர் தெரியாதவனுக்கு எதற்கு அதிகம் என்று விட்ஜர் சிக்கனமாக விட்டிருந்தார். 'ஜேபஸ்' மட்டும் உள்ளே அடங்கியது. 'லஸ்கம்' ஓரத்தில் ஏறி நின்றது. மை காய மணல் தூவப் போனபோது பிரூடன்ஸ் கையைப் பிடித்தாள்.

"இவ்வூரார்னு எழுதலையே?"

"இடம் இல்லை பிரூடன்ஸ்."

"உள்ளூர்ல செத்த சாராயக்கடைக்காரனுக்கெல்லாம் இவ்வூரார்னு எழுதினேல்ல? எழுது. கீழே எழுது. பொடியா எழுது. எனக்குப் படிக்கத் தெரியாது, எழுதினதா வாசிச்சுக் காட்டு."

எழுதி வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினாள். கடைசிச் சொல் வந்ததும் தலை நின்றுவிட்டது. அதற்குமேல் வாசிக்க ஒன்றும் இல்லை.

வெளியே கல்லறைத் தோட்டத்தில், அந்நியர்களைப் புதைக்கிற வடக்கு மூலைக்கு இரண்டு பேரும் போனார்கள். ஏமஸ் தூரமாக வாசலிலேயே நின்றார். மண் இன்னும் கட்டி கட்டியாகக் கிடந்தது. முதலில் கெசையாதான் பேசினாள்.

"அது அவர்னு எனக்குத் தெரியாது அத்தை. சும்மா சொன்னேன்."

"தெரியும்டி."

"உங்களுக்கு அவர்னு தெரிஞ்சும் ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

பிரூடன்ஸ் ஒரு மண்கட்டியைக் காலால் உடைத்தாள். "புத்தகத்துல ஏறாத வரைக்கும் எனக்கு மட்டும்தானே தெரியும்? நானே தப்பாப் பார்த்திருப்பேன்னு நாளைக்குச் சொல்லிக்கலாம். ரெண்டு விரல் ஒட்டினவன் உலகத்துல ஒருத்தன்தானா? அப்படி." இன்னொரு கட்டியை மிதித்தாள். "உன்மேல கோபமும் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லமாட்டேன். அவன் மண்ணுக்குள்ள போற அன்னிக்கே உனக்கு விடுதலையான்னு."

"காலுறை?"

"விரலை யாரும் பார்த்துடக்கூடாதுன்னுதான் போட்டேன்." அவள் குரல் அங்கேதான் முதல்முறையாக உடைந்தது. "அப்புறம் குளிருமேன்னும் தோணிச்சு."

கெசையா அவள் தோளைப் பிடித்தாள். பிரூடன்ஸ் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் திரும்பி, மருமகளின் இடுப்புக்குப் பின்னால் கையைவிட்டு, ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். எத்தனையோ குழந்தைகளை ஏந்திய கை, முடிச்சு எங்கே இருக்கவேண்டும் என்று அதற்குத் தெரியும்.

"இறுக்கிக் கட்டாதடி," என்றாள். "பிள்ளைக்கு ஆகாது."

மார்ச் மாதம் மூன்று ஞாயிறு கெசையா லஸ்கம், விதவை என்று பாதிரியார் வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோதெல்லாம் சபை முழுக்க பிரூடன்ஸைத் திரும்பிப் பார்த்தது. அவள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்டாட்டியின் பழைய புருஷனுக்குச் சட்டைக்குப் பணம் கட்டிய மாப்பிள்ளை பிரான்மவுத்தில் ஏமஸ் ஒருவர்தான். இதைச் சொல்லித் துறைமுகக் கடைகளில் ரொம்ப நாள் சிரித்தார்கள். அவர் எதிரே மட்டும் யாரும் சிரித்ததில்லை, ஏனென்று தெரியாது.

கல்யாணத்துக்கு மறுநாளே வண்டி. பிரிஸ்டலுக்கு நீங்களும் வாங்க அத்தை என்று கெசையா கூப்பிட்டாள். அவன் இங்கே இருக்கான், நான் எங்கே வர்றது என்று பிரூடன்ஸ் சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் வண்டி கிளம்புகிற நேரத்துக்குத் தேவாலய மாடிக்குப் போய், ஆணியிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துவந்து ஏமஸின் தலையில் வைத்தாள். ஏமஸுக்குப் பீப்பாய்த் தலை. ஜேபஸின் தொப்பி அதன் மேல் சட்டிக்கு மூடி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கழற்றவில்லை மனிதர். தெருமுனை திரும்புகிறவரை ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போனார். நாங்கள் எல்லாரும் ஜன்னலில்தான் இருந்தோம்.

ஆகஸ்டில் பெண் பிள்ளை என்று செய்தி வந்தது. முதல் பிள்ளை, வேற்றூர் மருத்துவச்சி, ரொம்பக் கஷ்டப்பட்டாளாம். அதைக் கேட்டுப் பிரூடன்ஸ் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அறுவடை முடிந்ததும் சட்டிபானையை விற்றுவிட்டுக் கரிக்கப்பல் ஒன்றில் ஏறி அவளும் பிரிஸ்டல் போனாள். போகிற அன்று வடக்கு மூலைக்குப் போகவில்லை. தேவாலயத்துக்குப் போய், விட்ஜரை அந்த ஒரு வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் குளிர்காலம் பாதிரியார் டோசன் விட்ஜரின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டார். படி கழுவியதற்குப் பலன் கிடைத்தது என்று மாமியார்க்காரியைச் சொல்வோம். எதையும் வீணாக விடுகிறவள் இல்லை அவள். பிரூடன்ஸ் வீட்டில் இப்போது சுங்கக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். பிணம் உடுத்த வேறு ஒருத்தி வந்துவிட்டாள், சிக்கனக்காரி. சத்தியத்துக்குக் கூப்பிட்டால் விட்ஜர் முடிப்பதற்குள் புத்தகத்தை முத்தமிட்டுவிடுகிறாள். யாருக்கும் காலுறை போடுவதில்லை.